எனக்கு நிறக்குருடு. மகனுக்கும் இல்லை, மகளுக்கும் இல்லை. பேரனுக்கு எப்படி வரும்?

கேள்வி: ரெசிஸ்டர்

எனக்கு வயது 57. சிவப்பு-பச்சை நிறக்குருடு. பிறவியிலேயே இருந்திருக்கும், ஆனால் தெரிய வந்தது 19 வயதில், ஒரு வேலைக்கான மருத்துவப் பரிசோதனையில். புள்ளி புள்ளியாக வட்டம் போட்ட ஒரு புத்தகத்தை விரித்து, "என்ன எண் தெரிகிறது?" என்று கேட்டார்கள். "இதில் எண் வேறு இருக்கிறதா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். அந்த வேலை அத்தோடு போயிற்று.

அப்புறம் வந்து சேர்ந்ததோ மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் வேலைக்கு. மின்னோட்டத்தைத் தடுத்துக் கட்டுப்படுத்தும் சின்ன பாகம் ரெசிஸ்டர், அதன் மதிப்பை நிறப் பட்டைகளாகத்தான் போட்டிருப்பார்கள். பழுப்பு, பச்சை, ஆரஞ்சு என்றால் 15 கிலோ ஓம். பச்சை, பழுப்பு, ஆரஞ்சு என்றால் 51 கிலோ ஓம். எனக்கு இரண்டும் ஒன்றுதான். அழுக்கு நிறத்தில் இரண்டு பட்டை, பக்கத்தில் கொஞ்சம் வெளிச்சமாக ஒன்று. மீட்டர் வைத்து அளந்துதான் போடுவேன். கருகிப்போன ரெசிஸ்டரை அளந்தும் பிரயோசனம் இல்லை. அந்த நேரத்தில் மகளைக் கூப்பிடுவேன். ஏழு வயதிலேயே லென்ஸைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, மிச்சமிருக்கும் நிறத்தைப் பார்த்து, "பச்சைப்பா, பழுப்புப்பா" என்று படித்துச் சொல்வாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை.

இப்போது அவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. குடும்பத்தில் யாருக்காவது என்னென்ன உண்டு என்று மருத்துவர் கேட்டபோது என் கதையைச் சொல்லியிருக்கிறாள். "பையன் பிறந்தால் அவனுக்கு வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் குழப்பம். என் மகனைச் சோதித்துப் பார்த்தாயிற்று, அவனுக்கு இல்லை. மகளுக்கு இல்லவே இல்லை, எனக்குப் பட்டை படித்துச் சொன்னவளே அவள்தான். தன்னிடம் இல்லாத ஒன்றை அவள் எப்படிக் கொடுப்பாள்?

மற்ற விவரம்: என் அப்பாவுக்கு, அம்மாவுக்கு, அண்ணனுக்கு, தங்கைக்கு, யாருக்கும் இல்லை. தாய்மாமாவுக்கு இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. பச்சை மையால் எழுதியதைச் சிவப்பு மை என்று சாதிப்பார், வேடிக்கை செய்கிறார் என்றே நினைத்தோம். பள்ளியில் படித்த எக்ஸ், ஒய் எல்லாம் மறந்துபோயிற்று. கொஞ்சம் மெதுவாகச் சொல்லுங்கள்.

பதில்: சும்மா வந்தவன்

இது ஆண்களுக்கு மட்டும்தான் வரும் சார். ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை வரும். தாத்தாவுக்கு இருந்தால் பேரனுக்கு வரும், அவ்வளவுதான் கணக்கு.

பதில்: பழைய விலங்கியல்

நான் இந்தப் பாடத்தை இருபத்தெட்டு வருடம் நடத்தியவள். மேலே சொன்ன இரண்டு வாக்கியத்தையும் ஒவ்வொரு வருடமும் யாராவது ஒரு மாணவர் விடைத்தாளில் எழுதுவார். இரண்டுமே தப்பு. ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்பது சுவாரசியமான விஷயம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரெசிஸ்டர் சார், குடும்பத்தில் நிறக்குருடு எங்கே தாவியது என்று தேடாதீர்கள். உங்கள் எக்ஸ் குரோமோசோம் எங்கே போயிற்று என்று மட்டும் பாருங்கள்.

குரோமோசோம் என்றால் மரபணுக்களைச் சுமக்கும் இழை. நமக்கு 23 ஜோடி குரோமோசோம். 22 ஜோடியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் இல்லை. கடைசி ஜோடி பெண்ணுக்கு எக்ஸ்-எக்ஸ், ஆணுக்கு எக்ஸ்-ஒய். சிவப்பு, பச்சை ஒளியை உணரும் நிறமிகளுக்கான மரபணுக்கள் இரண்டும் எக்ஸின் நீண்ட கரத்தின் நுனியில் ஒட்டி ஒட்டி உட்கார்ந்திருக்கின்றன. நீல நிறமிக்கான மரபணு அங்கே இல்லை, அது ஏழாவது குரோமோசோமில் இருக்கிறது. அதனால்தான் நீலம் தெரியாத குறைபாடு ஆண், பெண் பார்ப்பதில்லை.

உங்களிடம் இருப்பது ஒரே ஒரு எக்ஸ். அதில் அந்த இடம் பழுது. மகன் பிறக்க வேண்டுமென்றால் நீங்கள் ஒய்யைக் கொடுத்தாக வேண்டும், ஒய்யைக் கொடுத்துவிட்டால் எக்ஸைக் கொடுக்க முடியாது. ஆகவே உங்கள் மகனிடம் உங்கள் எக்ஸ் இல்லை. அவனுடைய எக்ஸ் முழுக்க அவன் அம்மா கொடுத்தது. அவனுக்கு மட்டுமல்ல, அவன் பிள்ளைகளுக்கும் உங்களிடமிருந்து இது போகாது. அந்தக் கிளையை மறந்துவிடலாம்.

மகளோ நேர் எதிர். உங்களிடமிருந்து எக்ஸ் வாங்காமல் அவள் மகளாகவே பிறந்திருக்க முடியாது. இருக்கிற ஒரே எக்ஸைத்தானே கொடுத்திருப்பீர்கள்? அதனால் அவளிடம் அது இருக்கிறதா, இல்லையா என்று சந்தேகப்படவே வேண்டாம். நூற்றுக்கு நூறு இருக்கிறது. அவள் அம்மாவிடமிருந்து வந்த இன்னொரு எக்ஸ் நல்லதாக இருப்பதால் பார்வை கெடவில்லை. உங்கள் தொழில் பாஷையில் சொன்னால் பக்க இணைப்பு. ஒரு வழி அறுந்தாலும் இன்னொரு வழியில் மின்சாரம் போகிறது, விளக்கு எரிகிறது. உங்களுக்கு ஒரே கம்பி, அது அறுந்தால் விளக்கு அணைந்தது.

"தன்னிடம் இல்லாத ஒன்றை" என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் தடுக்கி விழுந்திருக்கிறீர்கள். அவளிடம் இருக்கிறது, வெளியே தெரியவில்லை, அவ்வளவே. இப்படிப்பட்டவரைப் பாடத்தில் கடத்தி என்போம். எனக்கு அந்தச் சொல் பிடிக்காது, ஏதோ கள்ளக்கடத்தல் மாதிரி இருக்கிறது. மாணவிகள் சிரிப்பார்கள்.

இனி பேரக்குழந்தை. உங்கள் மகள் ஒவ்வொரு குழந்தைக்கும் தன் இரண்டு எக்ஸில் ஒன்றைக் கொடுப்பாள். பையன் என்றால் பழுது உள்ளது வரப் பாதி வாய்ப்பு, வந்தால் காப்பாற்ற இன்னொரு எக்ஸ் கிடையாது. பெண் என்றால் அவளும் பாதி வாய்ப்பில் கடத்தி. மருமகனுக்கு நிறக்குருடு இல்லாதவரை பேத்திக்குப் பார்வையில் குறை வராது. முதல் பையனுக்கு வந்துவிட்டால் இரண்டாமவன் தப்பித்தான் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு தடவையும் காசைப் புதிதாகத்தான் சுண்டுகிறோம்.

உங்களுக்கு வந்த வழியும் இதுவே. உங்கள் அப்பா கொடுத்தது ஒய், அவருக்கு இதில் பங்கே இல்லை. அம்மா கடத்தி. அண்ணனுக்கு நல்ல எக்ஸைக் கொடுத்தார், உங்களுக்கு மற்றதை. பச்சை மை, சிவப்பு மை குழப்பம் உண்மை என்றால் உங்கள் பாட்டியிடமும் அது இருந்திருக்கிறது. நிறக்குருட்டின் வேரைத் தேடுகிற ஆண் அப்பா பக்கம் போகக் கூடாது, தாய்மாமன் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும்.

"தலைமுறை விட்டுத் தலைமுறை" என்று தோன்றுவதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். தாத்தாவிடம் தெரியும், மகளிடம் ஒளியும், பேரனிடம் திரும்பத் தெரியும். ஆனால் அது ஒரு பாதை மட்டுமே. மகள், பேத்தி, கொள்ளுப்பேத்தி என்று மூன்று தலைமுறை ஒளிந்திருந்துவிட்டுப் பிறகும் தலைகாட்டலாம். பாதியில் நின்றும் போகலாம். விட்டு விட்டு வா என்று அதற்கு யாரும் சொல்லிவைக்கவில்லை.

"ஆண்களுக்கு மட்டும்" என்பதற்கு: இந்தத் தடத்தை முதலில் தெளிவாகப் பிடித்தவர் தாமஸ் ஹன்ட் மார்கன். 1910, கொலம்பியா பல்கலைக்கழகம், பழ ஈக்கள். சிவப்புக் கண் ஈக்களுக்கு நடுவே வெள்ளைக் கண்ணோடு ஓர் ஆண் ஈ கிடைத்தது. அதைச் சிவப்புக் கண் பெண்ணோடு சேர்த்தார். அதன் பேரப்பிள்ளைகளை எண்ணினால் சிவப்புக் கண் பெண்கள் 2,459, சிவப்புக் கண் ஆண்கள் 1,011, வெள்ளைக் கண் ஆண்கள் 782. வெள்ளைக் கண் பெண் ஒன்றுகூட இல்லை! இங்கேயே நிறுத்தியிருந்தால் அவரும் "ஆண்களுக்கு மட்டும்" என்று எழுதியிருப்பார். அவர் அந்த வெள்ளைக் கண் ஆணை அதன் மகள்களோடே சேர்த்துப் பார்த்தார். வெள்ளைக் கண் பெண்கள் 88 பிறந்தன. இரண்டு பக்கத்திலிருந்தும் அந்த எக்ஸ் வந்தால் பெண்ணுக்கும் வரும்.

பதில்: மழைக்குருவி

அந்த 88இல் ஒருத்தி பேசுகிறேன். எனக்குச் சிவப்பு-பச்சை நிறக்குருடு. அப்பாவுக்கு உண்டு, அம்மா கடத்தி என்பது நான் பிறந்த பிறகுதான் தெரியும். அக்காவுக்கு இல்லை. கண் மருத்துவரிடம் போனால், "பெண்களுக்கு இது வராதே, சரியாகப் பாருங்கள்" என்று என்னையே சந்தேகப்படுவார்கள். இரண்டு தடவை நடந்திருக்கிறது.

எனக்கு இரண்டு பையன்கள், இரண்டு பேருக்குமே உண்டு. என்னிடம் கொடுக்க நல்ல எக்ஸே இல்லையே, அதனால் அங்கே பாதிக்குப் பாதி என்ற பேச்சே எழாது. வீட்டில் துவைத்த காலுறைகளை ஜோடி சேர்ப்பது என் கணவரின் நிரந்தர வேலை.

ஐயா, பேரன் பிறந்து அவனுக்கு இருந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள். வண்ணக் குச்சி ஒவ்வொன்றிலும் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டுங்கள். நான் இரண்டாம் வகுப்பில் மரத்துக்குப் பச்சைத் தண்டும் பழுப்பு இலையும் போட்டேன். ஆசிரியர் அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டினார். என் பையன்கள் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியதும் நான் செய்த முதல் வேலை அந்தக் குச்சிகளுக்குப் பெயர் ஒட்டியதுதான். பெரியவன் இப்போது அட்டகாசமாக வரைகிறான்.

மறுபதில்: ரெசிஸ்டர்

பக்க இணைப்பு என்றதும் பளிச்சென்று புரிந்துவிட்டது அம்மா. இத்தனை வருடம் மகனுக்கு வந்துவிடுமோ என்று பயந்தேன், வரவே வழியில்லாத இடத்தில் பயந்திருக்கிறேன். மகளைப் பற்றி ஒரு நாளும் யோசிக்கவில்லை.

இன்னும் இரண்டு கேள்வி. ஒன்று, என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கும் அவர் மகனுக்கும் நிறக்குருடு உண்டு. அப்பாவிடமிருந்து மகனுக்குப் போகாது என்றால் அது எப்படி? இரண்டு, என் தங்கைக்கு மூன்று பையன்கள், மூவருமே சோதனையில் எண்ணைச் சரியாகச் சொல்கிறார்கள். அவள் கடத்தி இல்லை என்று முடிவு கட்டலாமா? அவளுக்கு ஒரு மகளும் உண்டு, அதற்காகக் கேட்கிறாள்.

பதில்: பழைய விலங்கியல்

முதல் கேள்விக்கு: மகனுக்கு அது அம்மாவிடமிருந்து வந்தது. அப்பாவுக்கும் இருப்பது தற்செயல். அரிதான நோய் என்றால் இப்படி ஒத்துப்போவது அபூர்வம், ஆனால் நிறக்குருடு அரிதல்ல. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் சுமார் 8% பேருக்கு உண்டு. ஆணுக்கு ஒரே எக்ஸ் என்பதால், அங்கே நூறு எக்ஸில் எட்டு பழுது என்று எடுத்துக்கொள்ளலாம். பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று மட்டும் அப்படி இருக்க வாய்ப்பு 2 × 0.92 × 0.08, கிட்டத்தட்ட 15%. ஏழு பெண்களில் ஒருவர் கடத்தி என்றால் உங்கள் நண்பர் வீட்டில் நடந்ததில் அதிசயம் ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. முடிவு கட்ட முடியாது, ஆனால் நல்ல அறிகுறிதான். உங்கள் அம்மா கடத்தி என்பது நிச்சயம் என்று வைத்துக்கொள்வோம். பிறந்தபோது உங்கள் தங்கைக்குப் பாதி வாய்ப்பு. இப்போது அவரைப் போலவே, தலா மூன்று பையன்கள் பெற்ற 16 தங்கைகளைக் கற்பனை செய்யுங்கள். எட்டுப் பேர் கடத்தி, எட்டுப் பேர் இல்லை. கடத்தி அல்லாத எட்டுப் பேரின் பையன்களும் தப்பித்துவிடுவார்கள். கடத்தியான எட்டுப் பேரில் மூன்று பையன்களும் தப்புவது பாதியில் பாதியில் பாதி, அதாவது ஒருவருக்கு மட்டும். ஆக, மூன்று பையன்களும் நன்றாக இருக்கும் தங்கைகள் மொத்தம் ஒன்பது பேர், அவர்களில் கடத்தி ஒருவர். ஒன்பதில் ஒரு பங்கு. அவர் மகளுக்கு அதிலும் பாதி, பதினெட்டில் ஒரு பங்கு. நான்காவதாக ஒரு பையன் பிறந்து அவனுக்கு இருந்தால் இந்தக் கணக்கு மொத்தமும் கிழிந்தது, கடத்தி என்பது உறுதியாகிவிடும்.

கரும்பலகையில் இதைப் போட்டு முடிக்கும்போது வகுப்பில் இரண்டு பேராவது நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த இரண்டு பேருக்காகத்தான் நடத்துவேன்.

பதில்: ஆய்வக அங்கி

மரபணுச் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். டீச்சர் சொன்னதில் ஒரே ஒரு இடத்தில் குறுக்கிடுகிறேன். பக்க இணைப்பு உவமை குடும்பக் கணக்குக்கு அருமையாகப் பொருந்தும், உடம்புக்குள் நடப்பது வேறு. பெண்ணின் ஒவ்வொரு செல்லிலும் இரண்டு எக்ஸில் ஒன்று பெருமளவு அணைக்கப்பட்டுவிடுகிறது. கரு மிகச் சிறியதாக இருக்கும்போதே எதை அணைப்பது என்று அந்தந்தச் செல் கண்மூடித்தனமாகத் தேர்ந்தெடுக்கும், அதிலிருந்து பிரிகிற செல்கள் எல்லாம் அதே தேர்வைக் கடைசிவரை பின்பற்றும். உங்கள் வழியில் சொன்னால், ஒரு பக்கம் தட்டிவிட்டால் அப்படியே பூட்டிக்கொள்ளும் ரிலே மாதிரி. 1961இல் மரபியலாளர் மேரி லயன் முன்வைத்த கருத்து இது. பூனைகளில் கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாகக் கலந்திருப்பவை பெரும்பாலும் பெண்ணாகவே இருக்கக் காரணமும் இதுதான்: ஒரு எக்ஸில் ஆரஞ்சு, இன்னொன்றில் கறுப்பு, எந்தத் திட்டில் எது விழித்திருக்கிறதோ அந்த நிறம்.

அப்படியென்றால் உங்கள் மகளின் விழித்திரையும் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும். சில இடத்தில் உங்கள் எக்ஸ் வேலை செய்கிறது, சில இடத்தில் அவர் அம்மாவுடையது. நல்ல திட்டுகளே மூளைக்குப் போதுமான தகவலைக் கொடுத்துவிடுகின்றன. எப்போதாவது அணைப்பது ஒரே பக்கமாகச் சாய்ந்துவிட்டால் கடத்திக்கே குறை தெரியும். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டைச் சகோதரிகளில் ஒருத்திக்கு மட்டும் நிறக்குருடு இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

இன்னொன்று. ஒரு பெண்ணின் இரண்டு எக்ஸும் பழுதாக இருக்கும் வாய்ப்பு, டீச்சர் கணக்குப்படி 0.08ஐ 0.08ஆல் பெருக்கினால், 0.64%. ஆனால் அந்த ஐரோப்பிய வம்சாவளி மக்களில் நிறக்குருடுள்ள பெண்கள் சுமார் 0.5%தான். காரணம், சிவப்பு வகை, பச்சை வகை என்று குறை இரண்டு உண்டு. ஒரு எக்ஸில் சிவப்பு மரபணு பழுது, மற்றதில் பச்சை பழுது என்றால் ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும், அந்தப் பெண்ணுக்கு நிறம் சரியாகவே தெரியும். ஆனால் அவர் பெறும் பையன்கள் எல்லோருக்கும், அநேகமாக, ஏதாவது ஒரு வகை வரும்.

நிறக்குருட்டுக்காகக் கடத்திச் சோதனை செய்யச் சொல்ல மாட்டேன், அவசியம் இல்லை. ஆனால் இதே தடத்தில் இரத்தம் சரியாக உறையாத ஹீமோஃபிலியாவும், தசைகள் மெல்ல மெல்லச் செயலிழக்கும் டுஷேன் தசைச் சிதைவும் பயணம் செய்கின்றன. அந்தக் குடும்பத்துப் பெண்கள் சோதித்துக்கொள்வது முக்கியம். அங்கே குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலும் வரும். ஹீமோஃபிலியாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புதிதாக நேர்ந்த மாற்றம்தான். "எங்கள் பரம்பரையிலேயே கிடையாது" என்று மருமகளைக் கைகாட்டுகிற மாமியார்களை வாரம் ஒருவராவது பார்க்கிறேன்.

பதில்: சும்மா வந்தவன்

சரி, நான் சொன்னது தப்பு, ஒப்புக்கொள்கிறேன். அப்போ அப்பாவிடமிருந்து மகனுக்கு ஒய் வழியாகப் போவது எது? காதில் முடி முளைப்பது என்று படித்த ஞாபகம்.

பதில்: பழைய விலங்கியல்

நானும் அதைத்தான் வருடக்கணக்காக நடத்தினேன், மதிப்பெண்ணும் போட்டேன். 2004இல் காதுமுடி உள்ளவர்களின் ஒய்யையே நேரடியாகச் சோதித்துப் பார்த்து, அதற்கும் ஒய்க்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டார்கள். என்னிடம் படித்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால் மன்னிக்கவும். ஒய்யில் மரபணுக்கள் குறைவு. கருவை ஆணாக்கும் மரபணுவை 1990இல் அங்கே கண்டுபிடித்தார்கள், விந்தணு உற்பத்திக்கு வேண்டிய சிலவும் அங்கே உண்டு. வழுக்கைக்கு அப்பாவைத் திட்டுகிறவர்களுக்கு: அதில் பங்குள்ள முக்கியமான மரபணு ஒன்று எக்ஸில் இருக்கிறது, அது அம்மா கொடுத்தது. மற்ற குரோமோசோம்களிலும் நிறைய இருப்பதால் அப்பாவும் முழுக்கத் தப்ப முடியாது.

ரெசிஸ்டர் சார், உங்களுக்காக ஒன்று. வேதியியலாளர் ஜான் டால்டனுக்கும் அவர் சகோதரருக்கும் நிறக்குருடு. 1794இல் அதைப் பற்றிக் கட்டுரையே வாசித்தார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலமாக இருப்பதுதான் காரணம் என்று நம்பி, இறந்த பிறகு வெட்டிப் பார்க்கச் சொல்லிவைத்தார். 1844இல் பார்த்தார்கள், திரவம் தெளிவாகவே இருந்தது. மிச்சத்தைப் பத்திரமாக வைத்திருந்து 1995இல் டி.என்.ஏ. எடுத்தார்கள், பச்சை நிறமிக்கான மரபணுவைக் காணவில்லை. 150 வருடம் கழித்து அவருக்குப் பதில் கிடைத்தது. உங்களுக்கு இரண்டே நாளில் கிடைத்துவிட்டது.

மறுபதில்: ரெசிஸ்டர்

நன்றி, எல்லோருக்கும். தங்கையிடம் ஒன்பதில் ஒரு பங்கு என்றேன். "மூன்று பேரைப் பெற்ற பிறகும் ஒன்பதா?" என்று சண்டைக்கு வந்தாள். பதினாறு தங்கைகளையும் காகிதத்தில் வட்டம் போட்டுக் காட்டிய பிறகுதான் விட்டாள்.

மகளிடம் தொலைபேசியில் பேசினேன். அவளிடம் என் எக்ஸ் இருக்கிறது என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "பையன் பிறந்து அவனுக்கும் இருந்தால் உங்கள் ரெசிஸ்டரை இனிமேல் யார்ப்பா படிப்பது?" என்றாள். நீதான் என்றேன்.